யார் பெரிய வீரன்?



வீட்டுக்குள் நடக்கும் சண்டைகளைப் பற்றி இந்தப் பக்கத்துக்குப் பல கடிதங்கள் வருவதுண்டு. காணிச் சண்டை, சீதனச் சண்டை, மாமி மருமகள் சண்டை என்று பலவற்றை நாம் இங்கே பேசியிருக்கிறோம். இம்முறை சித்தாண்டியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருப்பது சற்று வித்தியாசமான சண்டை. அவருடைய இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒரு கிழமையாக ஒருவரோடொருவர் முகங்கொடுத்துக் கதைப்பதில்லையாம். காரணம், கர்ணன் பெரிய வீரனா, அருச்சுனன் பெரிய வீரனா என்பதுதான்.

ஊரில் கூத்துப் பழக்குகிறார்கள். கிழமைக்கூத்துக்குப் போய் வந்த பிள்ளைகள் வீட்டிலும் அதே கதையாக இருக்கிறார்கள். மூத்தவன் அருச்சுனன் பக்கம், இளையவன் கர்ணன் பக்கம். ஒரு கொப்பியில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். முதலாம் இடம், இரண்டாம் இடம், மூன்றாம் இடம் என்று இருபது பேர். இடையில் கைத்தொலைபேசியில் பார்த்த தோர், ஹல்க் எல்லாம் வந்து வீமனுக்கு மேலேயும் கீழேயும் நிற்கிறார்களாம். சின்ன மகள் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில ஒரு பொம்பிளையும் இல்லையே, திரௌபதைக்கு எத்தனையாம் இடம்?" என்று கேட்டிருக்கிறாள். இரண்டு அண்ணன்மாரும் அந்த ஒரு கணத்தில் மட்டும் ஒற்றுமையாகிச் சேர்ந்து சிரித்திருக்கிறார்கள். "பிள்ளை அழுதுபோட்டாள். நான் என்ன சொல்லுறது அக்கா?" என்று கேட்கிறார் அந்தச் சகோதரி.

இது விளையாட்டுப் பிள்ளைகளின் சண்டைதானே என்று தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை. சிரிக்கப்பட்ட அந்தக் கேள்வி நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அந்தப் பட்டியலையே கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பட்டியல் போட்டவர் பீஷ்மர்

பிள்ளைகள் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. வீரர்களை வரிசைப்படுத்தும் பழக்கம் பாரதக் கதைக்குள்ளேயே இருக்கிறது. போர் தொடங்குமுன் துரியோதனன் பீஷ்மரிடம், இரு பக்கத்திலும் யார் யார் எந்தத் தரம் என்று கேட்கிறான். பீஷ்மர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் தரம் பிரிக்கிறார். அதிரதர், மகாரதர், சமரதர், அர்த்தரதர் என்று நாம் கேள்விப்படும் சொற்கள் இந்தத் தரங்கள்தான். கீதைக்கு உரை எழுதியவர்கள் இதற்கு அளவும் சொல்வார்கள். பதினாயிரம் வில்லாளிகளோடு தனியே பொருதக்கூடியவன் மகாரதன். கணக்கில்லாதவர்களோடு பொருதக்கூடியவன் அதிரதன். ஒருவனோடு ஒருவனாக நிற்பவன் இரதன். அதற்கும் குறைந்தவன் அர்த்தரதன், அதாவது பாதி வீரன்.

இந்தப் பட்டியலில் வீமன் ஒருவனே எட்டு இரதருக்குச் சமம். அருச்சுனனுக்கு நிகராக இரண்டு சேனையிலும் ஒருவருமில்லை. தானும் துரோணரும்தான் அவனை எதிர்க்க முடியும், மூன்றாவது ஆள் இல்லை என்கிறார் பீஷ்மர். அசுவத்தாமன் மிகப் பெரிய வீரன், ஆனால் உயிர்மேல் ஆசை கூடியவன் என்று குறை சொல்கிறார். கர்ணனுக்கு வரும்போது, கவசகுண்டலத்தைக் கொடுத்துவிட்டான், பரசுராமரின் சாபமும் இருக்கிறது, அதனால் அவன் அர்த்தரதன் என்று சொல்லிவிடுகிறார். துரோணரும் அதற்கு ஆமென்கிறார்.

பிறகு என்ன நடந்தது? கர்ணன் கொதித்தெழுந்தான். போர் தொடங்கும் நேரத்தில் இப்படித் தரம் பிரித்தால் சேனை உடைந்துபோகும் என்று துரியோதனனுக்குச் சொன்னான். பீஷ்மர் விழும்வரை வில்லெடுக்கமாட்டேன் என்று ஒதுங்கினான். பதினெட்டு நாள் போரில் முதல் பத்து நாளும் கர்ணன் களத்தில் இல்லாமற் போனதற்கு எந்த அம்பும் காரணமில்லை. ஒரு பட்டியல்தான் காரணம். எனவே பட்டியலால் சகோதரர்கள் கதைக்காமல் இருப்பது சித்தாண்டியில் மட்டும் நடக்கும் விடயமல்ல என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இரு பக்கத்துக்கும் நியாயம் உண்டு

இப்போது மூத்தவனுக்கும் இளையவனுக்கும் வருவோம். இருவரிடமும் நல்ல நியாயங்கள் இருக்கின்றன.

கர்ணன் பக்கம் நிற்பவர்கள் சொல்வது இது. பிறக்கும்போதே கூடவந்த கவசத்தைக் கேட்டவனுக்குக் கொடுத்தான். அதற்குப் பதிலாக இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதத்தை அருச்சுனனுக்கென்று வைத்திருந்தும், பதினான்காம் நாள் இரவில் கடோற்கசன்மீது விடவேண்டி வந்தது. குந்திக்குக் கொடுத்த வாக்குக்காக மற்ற நான்கு சகோதரர்களையும் வென்றும் கொல்லாமல் விட்டான். தேர்ச்சில்லு மண்ணில் புதைந்த நேரத்தில்தான் அவன் விழுந்தான். 1964ஆம் ஆண்டு சிவாஜி கணேசன் நடித்த கர்ணன் படம் வந்த பிறகு தமிழர் வீடுகளில் கர்ணனுக்காக அழாதவர் குறைவு. எமது பகுதியில் அதற்கு முன்னரே வடமோடியில் கர்ணன் போர் ஆடப்பட்டு வந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கூத்தைக் கொண்டு போனபோது தெரிந்தெடுத்தவற்றில் கர்ணன் போரும் ஒன்று.

அருச்சுனன் பக்கம் நிற்பவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. கந்தருவர்கள் துரியோதனனைப் பிடித்துக்கொண்டு போனபோது கர்ணன் களத்தை விட்டு விலகினான். மீட்டுக் கொடுத்தது பாண்டவர்கள். விராட நாட்டில் பசுக்களை மீட்ட போரில் பீஷ்மர், துரோணர், கர்ணன் எல்லோரையும் அருச்சுனன் ஒருவனே எதிர்த்து நின்றான். அப்போது கண்ணன் தேரோட்டவில்லை.

சரி, அருச்சுனனுக்கே முதலிடம் என்று வைத்துக்கொள்வோம். அவன் கதை அத்துடன் முடியவில்லை. போருக்குப் பிறகு அசுவமேதக் குதிரையோடு போனவன், சித்திராங்கதையின் வயிற்றில் பிறந்த தன் சொந்த மகன் பப்பிரவாகனின் அம்பில் விழுகிறான். அவனை எழுப்பியது நாககன்னி உலூபி கொண்டுவந்த மணி. அதற்கும் பிறகு, துவாரகை அழிந்தபோது அங்கிருந்த பெண்களைப் பாதுகாத்துக் கூட்டிவரும் பொறுப்பு அருச்சுனனுக்கு வருகிறது. வழியில் தடியோடு வந்த கொள்ளையர் மறிக்கிறார்கள். காண்டீபத்தை நாணேற்றவே அவனுக்குச் சிரமமாயிருக்கிறது. மந்திரங்கள் நினைவுக்கு வரவில்லை. அம்புகள் தீர்ந்துபோகின்றன. பெண்கள் பலர் அவன் கண்முன்னே கொண்டுபோகப்படுகிறார்கள். பட்டியலில் முதலாம் இடத்தில் இருந்தவனுக்குத் தடிக்காரர் முன்னால் நேர்ந்தது இது.

பலம் என்பது ஆளில் ஒட்டிவைத்த இலக்கம் அல்ல. வயது, நேரம், வாக்கு, சாபம், பக்கத்தில் நிற்பவர் எல்லாம் சேர்ந்ததுதான் அது. பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் ஜப்பானிய டிராகன் போல் கதையிலும் இதே பாடம் இருக்கிறது. எதிரியின் பலத்தை இலக்கமாகக் காட்டும் ஒரு கருவியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு வருவார்கள். பலத்தை ஒளித்துவைக்கத் தெரிந்தவர்களிடம் அந்தக் கருவி ஏமாந்துபோகும். நாம் சொல்வதை விட்டாலும் அந்தக் கதை சொல்வதையாவது பிள்ளைகள் கேட்பார்கள்.

எவ்வளவு பெரிய போர்?

வீரரின் தரத்தை விட்டுப் போரின் அளவைப் பார்ப்போம். இது பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடமாகவும் உதவும்.

ஒரு தேர், ஒரு யானை, மூன்று குதிரை, ஐந்து காலாள் சேர்ந்தது ஒரு பத்தி. அதை மூன்றால் பெருக்குங்கள். வருவதை மீண்டும் மூன்றால் பெருக்குங்கள். இப்படி ஏழு தடவை. கடைசியில் வருவதைப் பத்தால் பெருக்கினால் ஓர் அக்குரோணி. தேர் 21,870, யானை 21,870, குதிரை 65,610, காலாள் 109,350. ஒவ்வோர் இலக்கத்தையும் தனித்தனியாக எடுத்து அதன் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள், 18 வரும். எல்லாம் சேர்த்து ஓர் அக்குரோணிக்கு 218,700. கௌரவர் பக்கம் பதினொன்று, பாண்டவர் பக்கம் ஏழு, ஆக 18 அக்குரோணி. மொத்தம் 3,936,600. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி எமது மட்டக்களப்பு மாவட்டத்தின் சனத்தொகை ஐந்து இலட்சத்துக்குச் சற்று மேல். அப்படியானால் ஏழு மட்டக்களப்பை ஒரு களத்தில் நிறுத்தினாலும் அந்த எண்ணிக்கைக்குப் போதாது.

ஆனால் போர் முடிந்த பிறகு வேறொரு கணக்கு வருகிறது. இறந்தவர் எத்தனை பேர் என்று திருதராட்டிரன் கேட்கத் தருமர் சொல்லும் பதில், 166 கோடியே 20 ஆயிரம். களத்துக்குப் போனது 39 இலட்சம் என்றால் இறந்தவர் எப்படி நானூறு மடங்குக்கு மேலாக முடியும்? இதை வைத்து விவாதிப்பவர்கள் விவாதித்துக்கொண்டே இருக்கலாம். எமக்குத் தோன்றுவது இதுதான்: போருக்குப் போகும்போது எண்ணியவர்கள் அரசர்கள். அவர்கள் தேரையும் யானையையும் எண்ணினார்கள். திரும்பி வராதவர்களை எண்ணுகிறபோது எந்தக் கணக்கும் போதவில்லை.

தருமர் இன்னோர் எண்ணும் சொல்கிறார், 24,165. இது கண்ணில் படாமற் போனவர்களின் தொகை. மூல நூலிலுள்ள சொல்லுக்குக் காணப்படாதவர் என்பதே பொருள். தப்பிப் போனவர்கள் என்று மொழிபெயர்ப்பவர்களும் உண்டு. இறந்தவர் வேறு, காணாமற் போனவர் வேறு என்று அந்தப் பழைய கதை இரண்டு கணக்கு வைத்திருக்கிறது. முதலாவது கோடிக்கணக்கில் போகிறது. இரண்டாவதோ ஒற்றை ஆள்வரை எண்ணப்பட்டிருக்கிறது.

இந்த இடத்தில் எமது பகுதிப் பெண்களுக்கு விளக்கம் தேவையில்லை. சித்தாண்டிக்கு அடுத்த ஊரான வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் 1990ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி படையினரால் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்கள் வீடு திரும்பவில்லை. கோடிக்கு முன்னால் 158 சிறிய எண்தான். ஆனால் அந்த எண்ணை யாரும் கிட்டத்தட்ட 150 என்று சுருக்கிச் சொல்ல ஒரு தாய் விடமாட்டாள். அந்த எட்டுப் பேரில் ஒருவன் அவளுடைய மகனாக இருக்கலாம்.

பட்டியல் முடிந்த இடம்

இப்போது சின்ன மகளின் கேள்விக்கு வருவோம். பீஷ்மர் போட்ட பட்டியல் எப்படி முடிகிறது என்று அந்த அண்ணன்மாரிடம் கேட்டுப் பாருங்கள்.

பாண்டவர் பக்க வீரரில் சிகண்டியைச் சிறந்த இரதர்களில் ஒருவனாகச் சொல்கிறார் பீஷ்மர். பிறகு, எல்லோரோடும் பொருதுவேன், சிகண்டியோடு மட்டும் பொருதமாட்டேன் என்கிறார். ஏன் என்று துரியோதனன் கேட்கிறான். அதற்குப் பதிலாகத்தான் அம்பையின் கதை வருகிறது. சுயம்வர மண்டபத்திலிருந்து தூக்கிவரப்பட்டவள். தான் விரும்பிய சாலுவன் அவளை ஏற்கவில்லை. தூக்கிவந்த பீஷ்மரும் ஏற்கவில்லை. அவளுக்காகப் பரசுராமரே போர் செய்தும் முடிவு கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் தவமிருந்து, மறுபிறப்பில் சிகண்டியாக வந்தாள். பத்தாம் நாள் போரில் அந்தச் சிகண்டி முன்னே நிற்கப் பீஷ்மர் வில்லைத் தாழ்த்தினார்.

எல்லா வீரரையும் எண்ணித் தரம் பிரித்த பெரியவரின் பட்டியல், அவரால் வாழ்விழந்த ஒரு பெண்ணின் கதையில் போய் முடிகிறது. அவளுக்கு அதில் இடம் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலைப் போட்டவரை வீழ்த்தியது அவள்தான்.

திரௌபதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூதில் ஐந்து கணவன்மாரும் அடிமையானபோது, தன்னைத்தானே தோற்றவர் என்னைப் பணயம் வைக்க உரிமை உண்டா என்று சபையில் கேட்டவள் அவள். அந்தக் கேள்விக்குப் பீஷ்மராலும் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. திருதராட்டிரன் வரம் கேள் என்றபோது, இரண்டு வரத்தில் கணவன்மாரை ஆயுதங்களோடு மீட்டாள். மூன்றாவது வரத்தை வேண்டாமென்று மறுத்தாள். தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருந்த பாண்டவரைக் கரைசேர்த்த தோணி திரௌபதை என்று அப்போது சொன்னவன் யார் தெரியுமா? அவளைச் சபையில் இழிவாகப் பேசிய அதே கர்ணன். இளையவன் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அவன் விரும்பும் வீரனே கொடுத்த சாட்சி இது. அருச்சுனனும் வீமனும் அன்று தலைகுனிந்து இருந்தார்கள் என்பதை மூத்தவனும் மறக்கக்கூடாது.

எமது கரையில் பாண்டிருப்பு முதலான ஊர்களில் கோயில் கொண்டிருப்பது திரௌபதை. பாண்டிருப்பில் பாரதக் கதையை நாளுக்கு நாள் சடங்காக நடத்திக் கடைசியில் தீ மிதிப்பது அவள் சந்நிதியில். கர்ணனுக்கும் அருச்சுனனுக்கும் களரியில் ஆட்டம் இருக்கிறது, மத்தளம் இருக்கிறது, கைதட்டல் இருக்கிறது. நேர்த்தி வைக்கச் சனம் போவது திரௌபதையிடம். "எத்தனையாம் இடம்?" என்று கேட்ட பிள்ளைக்கு இதைச் சொல்லலாம்.

கர்ணனுக்குக் கிடைத்த இடம்

இன்னுமொன்று இருக்கிறது. கர்ணன் யார் என்ற வழக்கைக் கடைசியில் தீர்த்ததும் ஒரு பெண்தான். போர் முடிந்து கங்கைக் கரையில் எல்லோரும் இறந்தவர்களுக்கு நீர்க்கடன் செய்கிறார்கள். அப்போது குந்தி, கர்ணனுக்கும் நீர் விடுங்கள், அவன் உங்கள் மூத்த அண்ணன் என்கிறாள். பீஷ்மர் கொடுத்த அர்த்தரதன் என்ற தரமும், துரியோதனன் கொடுத்த அங்க நாட்டு அரசன் என்ற பட்டமும் அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் நிற்கவில்லை. அண்ணன் என்ற இடந்தான் கர்ணன் வாழ்நாள் முழுவதும் கிடைக்காமலிருந்த இடம்.

இதைக் கேட்ட தருமர், இனிப் பெண்களிடம் இரகசியம் தங்காமற் போகட்டும் என்று சபித்தாராம். எமது ஊர்களிலும் இதைச் சொல்லி எம்மைக் கேலி செய்பவர்கள் உண்டு. இத்தனை ஆண்டு ஒரு சொல் வெளியே விடாமல் நெஞ்சுக்குள் வைத்திருந்த குந்தியைப் பார்த்துச் சொன்ன சாபம் இது என்பதை அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

அந்தக் கொப்பியைப் பறித்துக் கிழித்துவிட வேண்டாம், சகோதரி. பிள்ளைகள் கதையில் இவ்வளவு ஈடுபாடு கொண்டிருப்பது நல்ல விடயம். கிழமைக்கூத்துக்குப் போகவிடாமல் மறிக்கவும் வேண்டாம். அவர்கள் பக்கத்தில் இருந்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, எந்தக் கதையில்? வியாசர் சொன்ன கர்ணன் ஒருவன், வில்லிபாரதத்துக் கர்ணன் ஒருவன், அண்ணாவியார் ஆட்டிவைக்கும் கர்ணன் இன்னொருவன், படத்துக் கர்ணன் வேறொருவன். எந்தக் கர்ணன் என்று முதலில் முடிவுசெய்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

இரண்டாவது, எந்த நேரத்தில்? விராட நாட்டு அருச்சுனனா, துவாரகையிலிருந்து பெண்களைக் கூட்டிவந்த அருச்சுனனா?

மூன்றாவது, யாருக்காக? எத்தனை பேரைக் கொன்றான் என்று எண்ணும் கொப்பியின் அடுத்த பக்கத்தில், யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்று இன்னொரு பட்டியல் எழுதச் சொல்லுங்கள். அதில் திரௌபதை வருவாள், உலூபி வருவாள். அந்தப் பக்கத்தை எழுதும் பொறுப்பைச் சின்ன மகளிடம் கொடுங்கள். அண்ணன்மார் சிரித்தால் அவள் கையில் நியாயம் இருக்கும்.

முன்னொரு காலத்தில் எமது களரிகளில் பெண்பாத்திரங்களையும் ஆண்களே ஆடினார்கள். பெண்கள் பாய் விரித்து விடியவிடியப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் பெண்பிள்ளைகளும் கூத்துப் படிக்கிறார்கள், காலில் சதங்கை கட்டி ஆடுகிறார்கள். உங்கள் மகளும் ஒருநாள் களரிக்கு வரலாம். அவள் அம்பையாக வருவாளா, அருச்சுனனாகவே வருவாளா என்பதை அவளே தீர்மானிக்கட்டும்.

அண்ணனும் தம்பியும் கதைக்காமல் இருப்பதற்கு மட்டும் இன்றைக்கே ஒரு முடிவு காணுங்கள். யார் பெரியவன் என்று தெரிவதற்கு முன்னே இருவரும் சகோதரர் என்பது கர்ணனுக்கும் அருச்சுனனுக்கும் தெரிந்திருந்தால், அந்தக் களத்தில் விழுந்தவர் பலர் வீட்டுக்கு வந்திருப்பார்கள். இதைச் சொல்லி இருவருக்கும் ஒரே கோப்பையில் சோற்றைப் போட்டுக் கொடுங்கள். பசி வந்தால் தரவரிசை நிற்காது.

அடுத்த மாதமும் சந்திப்போம். உங்கள் வீட்டுக் கதைகளை எழுதுங்கள்.